சதுர அடிக்கு ஐந்து: எந்தக் காடைக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காடை வளர்ப்பு பற்றி எதை எடுத்துப் படித்தாலும் '4 அடி நீளம், 2.5 அடி அகலக் கூண்டில் 50 காடை' என்ற கணக்கு தவறாமல் இருக்கிறது. சதுர அடிக்கு ஐந்து. கணக்கில் தப்பில்லை, ஆனால் அது ஐந்தாவது வாரம் கறிக்குப் போகிற காடைக்கானது. பருவத்துக்கு வருமுன்பே விற்றுவிடுவதால் நெரிசல் சண்டையாக முற்றுவதில்லை. முட்டைக்கும் குஞ்சுக்கும் மாதக்கணக்கில் வைத்திருக்கும் தாய்க்காடையையும் அதே அளவில் அடைத்தால், ஏழாவது எட்டாவது வாரத்தில் தலைத்தோல் உரிந்த பெட்டைகளைத்தான் பொறுக்க வேண்டியிருக்கும். தோட்டத்துச் சாளையில் புதிதாகக் கூண்டு அடுக்குகிறவர்கள் பலரும் ஏமாறுவது இங்கேதான்.

எங்கள் கணக்கு அதே கூண்டில் 20. இருபதையும் ஒன்றாக விடக்கூடாது. நான்கு அடி நீளத்தை அடிக்கு ஒன்றாக நான்கு அறைகளாகத் தடுத்து, அறைக்கு ஒரு ஆண், நான்கு பெட்டை விட வேண்டும். தடுப்பு தகரமாகவோ ப்ளைவுட்டாகவோ இருக்கட்டும். வலைத் தடுப்பென்றால் ஆண்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நாளெல்லாம் முட்டிக்கொண்டே இருக்கும். சின்ன அறையில் இரண்டு ஆண்களை விட்டால், பெட்டைகள் எத்தனை இருந்தாலும் தோற்றது ஒதுங்க இடமிருக்காது. மூன்று வாரத்தில் ஆண், பெட்டை தெரிந்துவிடும். நெஞ்சு செம்பழுப்பாக இருந்தால் ஆண், சாம்பல் நிறத்தில் கரும்புள்ளி இருந்தால் பெட்டை. அப்போதே பிரித்து, மிச்ச ஆண்களைக் கறிக்கு ஒதுக்கிவிடுவது நல்லது. சாப்பாட்டு முட்டை மட்டும் போதும் என்பவர்களுக்கு ஆணே தேவையில்லை. பெட்டை தனியாகவே முட்டையிடும்.

கூண்டின் உயரம் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. காடை மிரண்டால் ஓடாது, நேராக மேலே எழும்பும். ஒன்றரை, இரண்டு அடி உயரம் இருந்தால் வேகம் பிடித்துப் போய்க் கம்பியில் மண்டையை உடைத்துக்கொள்ளும். பத்து அங்குலம் முதல் ஓரடிக்குள் இருந்தால் அந்த வேகம் வராது. இல்லையென்றால் ஆள் நிற்கிற உயரத்துக்கு அறையே கட்டிவிட வேண்டும். இடைப்பட்ட உயரம்தான் ஆபத்து. பூனையும் எலியும் இரவில் அடுக்கின் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நோம்பி நாட்களில் வேட்டுச் சத்தம் கேட்கும் பக்கத்தைச் சாக்குப் படுதாவால் மூடலாம்.

இடம் போதுமானதாக இருந்தும் கொத்திக்கொண்டால் தீவனத்தைப் பாருங்கள். முட்டைக்கோழித் தீவனம் கைக்குச் சுலபமாகக் கிடைக்கிறது என்று அதையே போடுகிறவர்கள் உண்டு. அதில் புரதம் 16 முதல் 18 சதவீதம். முட்டையிடும் காடைக்கு 20 வேண்டும், குஞ்சுக்கு 24-க்குக் குறையக்கூடாது. குறைந்தால் பக்கத்துக் காடையின் இறகைப் பிடுங்கித் தின்னும், ரத்தம் கண்டால் கூட்டமே கொத்தும். வெளிச்சமும் காரணம். முட்டைக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் போதும், அதுவும் மங்கலாக. கண்கூசும் பல்பு சண்டையைத்தான் வளர்க்கும்.

நம் பக்கத்துப் பருவத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஈரோடு, கரூர்ப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் 20 என்பதே அதிகம். 16-க்கு இறக்கி, கூரையில் தென்னங்கீற்று போடலாம். பல்லடம், உடுமலைப் பக்கம் ஆடிக்காற்று நேராகப் படுகிற மேற்குப் பக்கம் படுதா கட்டாயம். அதற்காக நாலு பக்கமும் இறுக்கிக் கட்டிவிட்டால் எச்சத்தின் அமோனியா கண்ணைக் கரிக்கும். எச்சம் விழும் தட்டைத் தினமும் கொட்டிவிட வேண்டும்.

காடை வளர்ப்புச் செய்தி போடும்போது இடக் கணக்கைக் கறிக்கு, முட்டைக்கு, குஞ்சு எடுக்க என்று பிரித்துப் போடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

அடிபட்ட பெட்டையைத் தனியே எடுத்துக் காயத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவலாம். ஆறியதும் பழைய அறைக்கே விட்டால் மற்றவை அதைப் புது ஆளாக நினைத்து மறுபடி அடிக்கும். அந்த அறைக் காடைகள் எல்லாவற்றையும் சேர்த்து, எதற்கும் பழக்கமில்லாத வேறு அறையில், இருட்டிய பிறகு ஒரே நேரத்தில் விடுங்கள்.

இப்படிக்கு,
காடை வளர்ப்போர் சிலர்,
பெருந்துறை வட்டாரம்.