பெரியம்மா வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டிய தாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. பெர்த்திலிருந்து நீ அனுப்பிய பட்டியலை இரண்டு முறை படித்தேன். தாதி வேலையின் நேரத்தைக் குறைத்துக்கொண்டு, மின்னூலோ காணொளிப் பாடமோ செய்து இணையத்தில் விற்க நினைக்கிறாய். அதற்காக எடை குறைப்பு, சேமிப்பு, தன்னம்பிக்கை என்று பதினான்கு தலைப்புகளை எழுதி, எது ஓடும் என்று கேட்டிருக்கிறாய். எதுவும் ஓடாது என்றுதான் எனக்குப் படுகிறது. மற்றவர்கள் விற்பதைப் பார்த்து எழுதிய தலைப்புகள் அவை. சேமிப்பில் வேறொரு சிக்கலும் உண்டு: குறிப்பிட்ட முதலீட்டை வாங்குங்கள் என்று ஆலோசனை சொல்லித் தொழில் நடத்த இங்கே சிங்கப்பூரில் நாணய ஆணையத்தின் உரிமம் வேண்டும். அதை முதலில் அடித்துவிடு.

தேக்காவில் நாம் பூசைப் பொருள் கடை வைத்திருந்தது உனக்கு நினைவிருக்கும். புது வீட்டுச் சாவி வாங்கிய இளம் தம்பதியர் வந்து, பால் காய்ச்ச என்னென்ன வேண்டும் என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்ட பிறகு, உன் அம்மா அதை ஒரு பக்கமாகத் தட்டச்சு செய்து நகலெடுத்து வைத்தாள். அதன்பின் கேள்விகள் மாறின. 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது அல்லவா. ஹோமம் வளர்த்தால் அது அலறுமா, குண்டத்தை எங்கே வைப்பது என்று கேட்கத் தொடங்கினார்கள். சென்னையிலிருந்து வரும் எந்தப் பூசைப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை. அந்த இடத்தில்தான் விற்பதற்குரிய ஒரு பொருள் இருந்தது. எனக்குத்தான் அது தெரியவில்லை, இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெருக் கடை ஒன்றில் நம் பட்டியல் அப்படியே கிடைத்தது, உன் அம்மா ‘மாவிலை’யை ‘மாவிளை’ என்று அடித்திருந்த பிழை உட்பட! பதிப்புரிமைச் சட்டம் எழுதிய விதத்தைத்தான் காக்கும், எண்ணத்தைக் காக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்.

ஆகவே, உனக்கு என்னென்ன தெரியும் என்று யோசிப்பதை நிறுத்திவிட்டு, உன்னிடம் இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் கேட்கப்பட்டது எது என்று யோசித்துப் பார். பெரியம்மா பக்கவாதத்துக்குப் பின் வீடு திரும்பிய வாரம் நீ இங்கே இருந்தாய். முன்பு இந்தோனேசியப் பணிப்பெண் இருந்தவரை, சந்தையில் கற்ற மலாயை வைத்து ‘ஆயிர்’ (தண்ணீர்), ‘சாக்கிட்’ (வலி) என்று பெரியம்மா சமாளித்துவிட்டார். புதிதாக வந்த மியன்மார்ப் பெண்ணுடன் அவருக்குப் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. தண்ணீர், வலி, கழிப்பறை, போர்வை என்று இருபது படங்களை வரைந்து, தமிழ் ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு, அதே அடுக்குமாடிப் புளோக்கில் மூன்று வீட்டார் அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துச் சென்றிருக்கிறார்கள். உன் பதினான்கு தலைப்புகளில் அது இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

அதைச் சுற்றி என்னென்ன சேரும் என்று பார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவது, ஈரமான குளியலறையில் எந்தப் பக்கம் நின்று பிடிப்பது என்பதையெல்லாம் பேச்சே இல்லாத சிறு காணொளிகளாக எடுக்கலாம். கைப்பிடிக் கம்பி பொருத்தித் தரும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ‘ஈஸ்’ திட்டம் 2012 முதல் இருக்கிறது. அந்தத் தகவல் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வருவதற்கு முந்தைய வாரத்தில் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று, இரண்டே நாள் விடுப்பு எடுத்திருக்கும் ஒரு மகனுக்குச் சொல்லித் தர ஆளில்லை. காசு கொடுப்பவர் அவர்தான். அவருக்கு இருநூறு பக்க நூல் வேண்டாம், அச்சிட்டு ஒட்டக்கூடிய ஆறு தாள்கள் போதும். மருந்தின் அளவைப் பற்றி ஒரு வரியும் எழுதாதே, அது அவருடைய மருத்துவர் சொல்ல வேண்டியது. பர்மிய மொழிச் சொற்களை, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவருக்குக் கூலி கொடுத்துச் சரிபார்த்துக்கொள்.

தமிழர் எண்ணிக்கை சிறியதே என்று நீ தயங்கலாம். படங்கள் அப்படியே இருக்க, தமிழ் இருக்கும் இடத்தில் ஹொக்கியனையோ கண்டனீசையோ வைத்தால் அது அடுத்த வீட்டுச் சீனப் பாட்டிக்கும் பயன்படும்.

முழுவதையும் செய்து முடித்துவிட்டு ஆள் தேடாதே. ஒரு தாளை மட்டும் பத்துக் குடும்பங்களுக்குக் காட்டி, மற்றவற்றுக்கு முன்பணமாக எட்டு வெள்ளியைக் கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் பேநவ்வில் அனுப்பச் சொல். ‘நன்றாக இருக்கிறதே’ என்று சொல்பவர்களைக் கணக்கில் சேர்க்காதே. நம் சொந்தக்காரர்கள் எல்லாவற்றையும் நன்றாக இருக்கிறது என்பார்கள். முதியோர் பராமரிப்பைப் பற்றி ஏற்கெனவே விற்கும் நூல்களுக்கு வாசகர்கள் எழுதும் கருத்துகளில், மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் சொல்வதைத் தேடிப் படி. எது விடுபட்டிருக்கிறது என்பதை அவர்கள்தான் பொறுமையாக எழுதுகிறார்கள்.

நேற்றுப் பெரியம்மாவைப் பார்க்கப் போனபோது அந்தத் தாளைப் படம் எடுத்தேன், இத்துடன் அனுப்புகிறேன். அடியில் அந்தப் பெண் தானாகவே மூன்று படங்களை வரைந்து சேர்த்திருக்கிறாள்: மின்விசிறி, தொலைக்காட்சி, சாமிப் படம். மூன்றையும் நீ விட்டுவிட்டாய்.

அன்புடன்,
அப்பா