ஹெந்தளையில ஒரு ஸ்டார்லட்

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்

அன்பு மச்சான்,

உன்ர கடிதம் வந்து மூண்டு கிழமையாச்சு. முழங்கால் ஒப்பரேஷன் நல்லபடி முடிஞ்சது சந்தோசம். படி ஏறேக்க நல்ல காலை முதல் வை, இறங்கேக்க நோக்காலை முதல் வை எண்டு பிசியோக்காரி சொன்னதை மனுசிக்கும் வாசிச்சுக் காட்டினன். அவவுக்கும் இப்ப அதே கால்தான். எங்கட பிளாட்டில லிப்ட் நினைச்ச நேரம் படுத்துவிடும். மகளுக்கு வேலை நிரந்தரமாக்கியாச்சு. மற்றபடி வீட்டில சுகம்.

பதில் பிந்தினதுக்குக் காரணம், நான் ஒரு கார் வாங்கிப்போட்டன். சிரிக்காமல் முழுக்க வாசி. டொயோட்டா ஸ்டார்லட், ஈ.பி. 82 மொடல், ஜீ.ரி. டர்போ, எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளுற வகை. சிவப்பு. ஓடாத கார், கரியரில ஏத்தித்தான் கொண்டுவந்தது. விலை கேட்காதே. நீ பவுணில மாத்திப் பார்த்து "அவ்வளவுதானா" எண்டு சொல்லுவாய், எனக்கு எரியும்.

ஏன் ஸ்டார்லட் எண்டு உனக்குச் சொல்லத் தேவையில்லை. ரியூஷன் முடிஞ்சு காலி வீதி மதிலில நாங்கள் ரெண்டு பேரும் குந்தியிருக்கேக்க வருமே, அந்தச் சிவப்புக் கார். அப்ப மரைன் டிரைவ் இல்லை, கடல் பக்கம் தண்டவாளம் மட்டும்தான். காலி வீதியில சென்றிப் பொயின்ற், மறிச்சுச் சோதிக்கிற இடம். ஹெட்லைற்றைத் தணிச்சு, உள் லைற்றைப் போட்டு, ஐ.சி. அடையாள அட்டையை நீட்டிப்போட்டு அவன் வெளிக்கிடுவான். பிறகு அடுத்த சென்றி வரைக்கும்தான் அவன்ர ரேஸ். ரெண்டாவது கியரில ஒரு இழுவை, காலை எடுக்கேக்க "ப்ஷ்" எண்டு ஒரு சத்தம், உடனே பிரேக். திரும்பவும் உள் லைற். ஊரிலயே வேகமான காரை வைச்சிருந்தவனுக்கு ஓடக் கிடைச்ச தூரம் அவ்வளவுதான். அந்த "ப்ஷ்" கேட்க நாங்கள் கொத்துரொட்டிக்காசை மிச்சம் பிடிச்சுக்கொண்டு எத்தினை நாள் குந்தியிருந்தம்! அவன்ர பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

இப்ப கணக்குப் பார்த்தால் அது பெரிய காரே இல்லை. 1,331 சீ.சீ. எஞ்சின், 135 குதிரைவலு. இண்டைக்குக் கொழும்பில ஊபர் ஓடுற மூண்டாம் தலைமுறை பிரியசுக்கும் எஞ்சினும் மோட்டரும் சேர்ந்து கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் பிரியஸ் 1,300 கிலோவுக்கு மேல, ஸ்டார்லட் 830 கிலோ அளவு. ஒரு பிஸ்கட் ரின்னுக்குள்ள டர்போவைப் பூட்டினமாதிரி.

கதைக்கு வாறன். ஒரு மரணவீட்டில பக்கத்தில இருந்தவர் சொல்லித்தான் தெரிஞ்சது, வத்தளைப் பக்கம் ஹெந்தளையில ஒரு வீட்டில ஜீ.ரி. ஒண்டு நிக்குதெண்டு. நான் நம்பேல்லை. இஞ்ச பாதி ஸ்டார்லட்டுக்கு ஜீ.ரி. பொனட்தான். மேல காத்து வாய், கீழ சாதாரண எஞ்சின். போய்ப் பார்த்தால் பலாமரத்துக்குக் கீழ, ஒரு மூலையில குந்தியிருக்கு. நாலு சில்லிலயும் காத்தில்லை. பொனட் வாய்க்குள்ள பலாச்சருகு. சிவப்பு வெளிறிப் பழஞ்செங்கல் நிறம். நான் லேஞ்சியைத் தண்ணியில நனைச்சுக் கதவில ஒரு இடத்தைத் தேய்ச்சன். லேஞ்சி ரோசாவாகிச்சு, தேய்ச்ச இடம் மட்டும் ரத்தச் சிவப்பாத் தெரிஞ்சது. அந்த நிமிசமே விழுந்திட்டன் எண்டு வைச்சுக்கொள், ஆனால் முகத்தில காட்டேல்லை.

பிறகு பொனட்டைத் திறந்தன். காத்து வாய்க்கு நேர் கீழ, டர்போவின்ர காத்தைக் குளிராக்கிற இன்டர்கூலர் இருந்தது, பக்கத்தில டர்போவும். எஞ்சின் நம்பர் வெட்டின இடத்தில எண்ணெயும் மண்ணும் ஒரு விரல் தடிப்பில. பழைய பல்துலக்கிற பிரஷால மண்ணெண்ணெய் போட்டு உரஞ்சினன். முதல் 4 வந்தது, பிறகு ஈ. ஜீ.ரி. எஞ்சின் நம்பர் அப்பிடித்தான் தொடங்கும். வீட்டுக்காரர் சீ.ஆர். எண்ட பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு இலக்கமா வாசிக்க, நான் கீழ பார்த்துச் சரி, சரி எண்டன். எல்லாம் பொருந்தினது. பிறந்த எஞ்சினோட பிறந்த கார். உனக்கு இது அற்பம், இஞ்ச இப்ப இது அதிசயம்.

அடுத்தது காந்தம். நீ முந்தி அனுப்பின சிவப்பு லண்டன் பஸ், எங்கட பிரிட்ஜில ஒட்டியிருக்கிறது, அதைத்தான் பொக்கற்றில போட்டுக்கொண்டு போனனான். கதவில ஒட்டிச்சு, கூரையில ஒட்டிச்சு, முன் மட்காட்டில ஒட்டிச்சு. பின் சில்லுக்கு மேல வளைவில வைச்சன், பஸ் வழுக்கிக்கொண்டு புல்லில விழுந்திட்டுது. மற்றப் பக்கமும் அப்பிடித்தான். ரெண்டு பக்கமும் உள்ளுக்குக் கறள், மேல காந்தம் ஒட்டாத பட்டிப் பூச்சு, அதுக்கு மேல பெயின்ட். ஆரோ ஒரு கராஜ்காரர் காசை வாங்கிக்கொண்டு தகரத்தை வெட்டி ஒட்டாமல் பூசி மெழுகியிருக்கிறார். கடல் அரை மைல்தான், அந்த உப்புக்காத்து சும்மா விடாது. விலையை நான் அந்த பஸ்சை வைச்சுத்தான் குறைச்சனான்.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்றவர், மகன் மெல்பேர்ணில. கார் மகன்ர. முந்தியெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வைப்பாராம். 2022இல பெற்றோலுக்கு நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியும்தானே. பெற்றோல் பங்கீட்டுக்கு கியூ.ஆர். வந்த புதுசில காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அது வாகனத்துக்கு வாகனம் தனி. அப்ப இந்த ஸ்டார்லட்டுக்கும் ஒரு கோட்டா! மனுசன் இதைப் பெற்றோல் ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய் 20 லீற்றர் அடிச்சு, வீட்டில குழாய் விட்டு உறிஞ்சித் தன்ர வானுக்கு மாத்தியிருக்கிறார். "அந்தக் காலத்தில எங்கட வீட்டுக்குச் சோறு போட்டது இதுதான் தம்பி" எண்டார். 2023 செப்டெம்பரில கியூ.ஆரை நிப்பாட்டினாப் பிறகு அதுக்கு அந்த வேலையும் இல்லை. பற்றரி செத்தது, மாத்தேல்லை. பிறகு பலாமரம்தான்.

இத்தனை வருசமா ஏன் விக்கேல்லை எண்டு கேட்டன். இறக்குமதியை நிப்பாட்டியிருந்த காலத்தில, 2020 மார்ச்சில இருந்து 2025 வரைக்கும், இஞ்ச நாலு சில்லு உள்ளது எல்லாத்துக்கும் யானை விலை. அப்ப வித்திருந்தால் அள்ளியிருப்பார். "மகன் வருவான் எண்டு இருந்தனான்" எண்டு மட்டும் சொன்னார். நான் மேல கேட்கேல்லை. காசை எண்ணிக் குடுக்கேக்க அவர்ர மனுசி உள்ளுக்கிருந்து பிளேன் ரீ கொண்டுவந்து வைச்சா, காரின்ர பக்கம் திரும்பியும் பார்க்கேல்லை.

இப்ப கார் தெமட்டகொடையில ஒரு மெக்கானிக் பாசின்ர கராஜில. சிங்கள ஆள், தமிழ் தண்ணி பட்ட பாடு. சுத்திப் பார்த்திட்டு அவர் சொன்ன முதல் வசனம்: "ஐயா, இது ஓடிக் கெட்ட வாகனம் இல்லை, நிண்டு கெட்டது." உண்மைதான். தாங்கிக்குள்ள பெற்றோல் பழைய வார்னிஷ் மாதிரி மணக்குது, பம்ப் இறுகிப்போச்சு. நாலு பிரேக் கலிப்பரில மூண்டு பிடிச்ச பிடி விடேல்லை. கிளச் தட்டு பிளைவீலோட ஒட்டியிருந்தது. டாஷ்போட்டுக்குப் பின்னால எலி குடும்பம் நடத்தியிருக்கு. வயரின்ர பிளாஸ்டிக்கைத் திண்டுபோட்டுச் செம்பை மட்டும் விட்டிருக்கு. ஓட்டத்தில தேயிறதை மாத்தலாம், அதுக்குச் சாமான் விக்கிறாங்கள். நிண்டு கெடுறது எங்க எங்க எண்டு தேடவே ரெண்டு கிழமை போச்சு.

எஞ்சினை நான் சாவி போட்டுப் பார்க்க விடேல்லை. பிளக் நாலையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி வைச்சு, அடுத்த நாள் கிராங் நட்டில ஸ்பானரைப் போட்டுக் கையாலதான் சுத்தினம். முதல் கால்வட்டம் பாசுக்கும் எனக்கும் மூச்சு நிண்டது. பிறகு "க்ளுக்" எண்டு நகர்ந்தது. சுத்தினது எண்டதுக்கே பாஸ் எல்லாருக்கும் பணிஸ் எடுப்பிச்சார், என்ர கணக்கில.

ஆனால் கொம்பிரஷன், சிலிண்டருக்குள்ள இருக்கிற அமுக்கம், பார்க்க, மூண்டு சிலிண்டர் ஒரே அளவில நிக்குது, மூண்டாம் நம்பர் சிலிண்டர் மட்டும் எழும்பேல்லை. அதுக்குள்ள ஒரு கரண்டி எண்ணெய் விட்டுத் திரும்பப் பார்த்தம், முள் ஏறிச்சு. அப்ப வால்வில பிழையில்லை, எண்ணெய் போய்ப் பிஸ்டனைச் சுத்தியிருக்கிற ரிங்கின்ர இடைவெளியை அடைச்சிருக்கு, ரிங்தான் பிரச்சினை. இதிலதான் பாசுக்கும் எனக்கும் சண்டை. நிண்டு ரிங் பிசினாகிப் பிஸ்டனில ஒட்டியிருக்கும், ஊறவிட்டால் விடும் எண்டு அவர். எனக்கு வேற சந்தேகம். இந்தக் காரில மகனோ மகன்ர கூட்டாளியோ டர்போவின்ர குழாயில ஒரு சின்ன வால்வைச் செருகி பூஸ்ட்டை, டர்போ தள்ளுற காத்தமுக்கத்தை, கூட்டியிருக்கிறான். கூடினால் கம்பனியே பெற்றோலை வெட்டிற ஒரு காவல் வைச்சிருக்கு, அதையும் ஏமாத்த ஒரு பெட்டி பூட்டியிருக்கு. ஜப்பானில இந்தக் கார்கள் குடிக்கிற உயர்தரப் பெற்றோல் 100 ஒக்டேன் அளவு. எங்கட ஷெட்டில வழமையா அடிக்கிறது 92, இல்லாட்டி 95. குறைஞ்ச ஒக்டேனில பூஸ்ட்டைக் கூட்டினால் பெற்றோல் நேரத்துக்கு முந்தி வெடிச்சுப் பிஸ்டனை அடிக்கும், ரிங் இருக்கிற விளிம்பு உடையும். ஊறவிட்டு அஞ்சு நாளில முள் கொஞ்சம் ஏறிச்சு, மற்ற மூண்டின்ர அளவுக்கு வரேல்லை. ரெண்டு பேரும் பாதி சரி போல. அடுத்த மாதம் திறக்கிறம். அந்த வால்வையும் பெட்டியையும் நான் அண்டைக்கே கழட்டி எறிஞ்சிட்டன்.

வாகனச் சாமான் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்கு இப்ப கிழமைக்கு ஒருக்காப் போறன். சாதாரண ஸ்டார்லட்டுக்கு அங்க இல்லாத சாமான் இல்லை. கதவு, கண்ணாடி, லைற், தகரம், என்ன வேணும். கடைக்கார நானா மேல பரணில ஏறி, இருட்டுக்குள்ள கையை விட்டு, பார்க்காமலே சரியான கதவுப் பிடியை இழுத்தெடுத்தார். "ஜீ.ரி. சாமான் இருக்கா நானா" எண்டு கேட்டால் மட்டும் சிரிக்கிறார். "அதெல்லாம் பொடியன்மார் எப்பவோ அள்ளிட்டுப் போயிட்டானுகள்."

பாஸ் முழுக்கப் புதுசா பெயின்ட் அடிப்பம் எண்டு நிக்கிறார். நான் விடேல்லை. பின் வளைவு ரெண்டையும் வெட்டிப் புதுத் தகரம் ஒட்டிறது, அதுக்கு மட்டும் நிறம். மற்றதெல்லாம் தேய்ச்சால் வருதே, லேஞ்சியில பார்த்தனான். ரெண்டு சிவப்பும் பொருந்தாது எண்டு அவர் முகத்தை நீட்டிறார். பொருந்தாட்டிப் போகட்டும். ரெவனியூ லைசன்ஸ், எமிஷன், நாரஹேன்பிட்டையில பேர் மாத்திற அலுவல் எல்லாம் ஓடத் தொடங்கினாப் பிறகு.

இப்ப உன்ர பக்கம் வாறன். இங்கிலாந்துக்கு ஜப்பானில இருந்து இந்த ஜீ.ரி. கனக்கப் பாவிச்ச காரா வந்தது. அங்க உடைச்சு விக்கிறவங்கள் இருப்பாங்கள். எனக்குப் பெரிசா ஒண்டும் வேண்டாம். இந்த ஈ.பி. 82 டாஷ்போட்டில பூஸ்ட்டைக் கூட்டிக் குறைக்க ஹை, லோ எண்டு ஒரு சின்ன சுவிச் வரும். இதில அது இல்லை. அந்த ஓட்டைக்கு மேல வீட்டுக்காரர் அந்தோனியார் ஸ்டிக்கர் ஒண்டு ஒட்டியிருக்கிறார். எனக்கு அந்த சுவிச் வேணும், எங்கட பெற்றோலுக்கு லோவிலதான் ஓடப்போறன். அதோட டர்போ கேஸ்கட் செற் ஒண்டு. ரெண்டும் சேர்த்து ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள்ள அடங்கும். பெட்டியில இடமில்லை எண்டு எழுதாதே. போனமுறை உன்ர மாமிக்குப் பிரஷர் குக்கர் கொண்டுவந்தனீ.

ஸ்டிக்கரை மெதுவாச் சூடுகாட்டி எடுத்து கண்ணாடிக்குக் கீழ ஒட்டப்போறன். கிளவ்பொக்சுக்குள்ள மகன்ர பழைய பார்க்கிங் துண்டுகள் கொஞ்சம் இருந்தது. அதை அப்பிடியே கடுதாசிப் பையில போட்டு ஹெந்தளைக்குக் கொண்டுபோய்க் குடுக்கவேணும், இன்னும் போகேல்லை.

முழங்காலைக் கவனி. டிசெம்பரில வாறதெண்டால் ரிக்கற் போட்டவுடன எழுது.

அன்போட,
உன்ர மதில் கூட்டாளி