4 மணித்தியாலத்துக்காக அண்ணாவுக்கு ஒரு கடிதம்

அண்ணா,

கொழும்பு மரதனுக்கு இந்த முறையும் பதிந்துவிட்டேன். உங்களோடு ஓடமாட்டேன். போனில் சொன்னால் "சரி தம்பி, பிரச்சினை இல்லை" என்று வைத்துவிடுவீர்கள். அதுதான் எழுதுகிறேன். எங்கட திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஓடுகிற கூட்டமும் இதை வாசிக்கும் என்பதால், திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் நடந்த கதையைத் தொடவில்லை.

போன முறை, 34ஆவது கிலோமீற்றர். 4 மணித்தியாலத்துக்குள் முடிக்க, கிலோமீற்றருக்கு 5 நிமிடம் 41 செக்கன் என்ற வேகம் பிசகாமல் வந்துகொண்டிருந்தோம். எனக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. கொஞ்சத் தூரம் போன நீங்கள் திரும்பி வந்தீர்கள். என்னைப் பாதையோரம் இருத்தி, சப்பாத்தைக் கழற்றி, ஒரு கையால் கால்விரல்களைப் பின்னுக்கு மடக்கிப் பிடித்தபடி தண்ணியில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புத்தூள் பக்கற்றைப் பல்லால் கிழித்தீர்கள். பாதி போத்தலுக்குள், பாதி என் காற்சட்டையில். "நீங்கள் போங்கோ" என்றேன். ஒருதரம்தான் சொன்னேன். அந்த நோவில் இன்னொருதரம் சொல்ல வாய் வரவில்லை. வராமல் இருந்ததற்கு நோ மட்டும்தான் காரணமா என்று கேட்காதீர்கள். நீங்கள் மணிக்கூட்டைப் பார்க்கவேயில்லை. நான் பார்த்தேன்.

முடிவுக்கோட்டைத் தாண்டும்போது 4:09.

ஒரு கோடிக்குக் கிட்டிய மரதன் முடிவுகளைப் பொருளியல் ஆய்வாளர்கள் அலசியிருக்கிறார்கள். 3, 3½, 4 மணித்தியாலக் கோடுகளுக்குச் சற்று முன்னால் ஆக்கள் குவிந்து கிடக்கிறார்கள், கோடு தாண்டியதும் சட்டென்று குறைகிறார்கள். அந்தக் குவியலுக்குள் இருக்கவேண்டியவர் நீங்கள். ஆடி மாதக் கச்சான் காற்றிலும் உப்புவெளியிலிருந்து நிலாவெளிக்கு விடியப்புறம் ஓடினது அதற்குத்தானே?

இத்தனைக்கும் அந்தத் தூரமே ஒரு கூத்து. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் மாளிகையில் தொடங்கி அரச இருக்கைக்கு முன்னால் முடிக்க வைத்ததில் வந்த 42.195. அப்படி வந்த தூரத்துக்கு முழுசாக ஒரு 4 மணித்தியாலத்தை நீங்களே நேர்ந்துகொண்டீர்கள். நானா கேட்டேன்? என்னோடு நில்லுங்கோ என்றும் நான் கேட்கவில்லை.

மன்னியுங்கோ, அப்படி எழுத நினைக்கவில்லை. ஆனால் அழிக்கவும் மாட்டேன். நீங்கள் ஒருநாளும் சொல்லிக் காட்டினதில்லை. ஒருக்கால் ஏசியிருந்தால் கணக்கு அன்றைக்கே முடிந்திருக்கும். டச்சுக்குடாவில் பிளேன்ரீ குடிக்கும்போதெல்லாம் "தம்பிக்கு இப்ப கால் எப்படி?" என்று எல்லார் முன்னாலும் கேட்கிறீர்களே, அது அக்கறைதான், தெரியும். சுற்றி நிற்கிற ஆக்களின் முகத்தையும் ஒருக்கால் பாருங்கோ.

எனக்கு 4½ மணித்தியாலம் போதும். முதல் பாதியை மெதுவாக எடுத்து, தண்ணி மேசையில் நடந்து, 30ஆவது கிலோமீற்றருக்குப் பிறகும் காலில் ஏதாவது மிச்சம் வைக்கப் பார்க்கிறேன். நீங்கள் 4 மணித்தியாலக் கொடி பிடித்து அந்த வேகத்தில் ஓடிக் காட்டுகிற பேஸருக்குப் பின்னால் போய் நில்லுங்கோ. வழியில் நான் விழுந்து கிடந்தாலும் தாண்டிப் போகவேண்டும். நின்றீர்களோ, இந்த முறை ஏசப்போவது நான்.