சுவரில் கை வைக்கும் முன்

அன்பு மகளுக்கு,

பசியாறினாயா? ஹோட்டல் சுவரில் நீ வரையப்போகும் ஓவியத்துக்கு ஹோட்டல்காரர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தை மூன்று முறை படித்தேன். சுவரின் அளவு, முடிக்க வேண்டிய தேதி, தாமதத்துக்கு அபராதம் எல்லாம் இருக்கிறது. பதிப்புரிமை பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர்கள் கேட்கவில்லை, அதனால் உரிமை உன்னிடம்தான் என்று நினைத்துவிடாதே, சங்கதி நேர் எதிர். ஒருவர் சொல்லிச் செய்துகொடுத்த படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், சொன்னவருக்கே போய்விடும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 26ஆம் பிரிவில் அப்படித்தான் இருக்கிறது. நீ பேசாமல் இருந்தால் உன் இருவாட்சிப் பறவைகளை அவர்கள் காப்பிக் கோப்பையிலும் அறைச் சாவி அட்டையிலும் அச்சடித்துக்கொள்ளலாம், உன்னைக் கேட்க வேண்டியதில்லை. உன் அறையில் நீயாக வரைந்து விற்கும் கேன்வாஸ் கதை வேறு. அங்கே படம்தான் கைமாறும். உரிமையை நீ எழுதிக் கொடுத்தால்தான் போகும்.

இப்படி ஒரு வரி சேர்க்கச் சொல்: “பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். ஹோட்டல் தன் விளம்பரத்துக்கு இரண்டு ஆண்டுகள் படத்தைப் பயன்படுத்தலாம். விற்பனைப் பொருள்களில் அச்சிடத் தனிக் கட்டணம், தனி ஒப்புதல்.”

அந்த வரியும் ஹோட்டலைத்தான் கட்டும், பாசார் மாலாம் இரவுச் சந்தைக் கடைக்காரரைக் கட்டாது. பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் நிரந்தரமாக இருக்கும் கலைப்படைப்பைப் படியெடுத்து விற்பதை அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு அனுமதித்துவிடுகிறது. பினாங்கு ஆர்மேனியன் சாலையில் ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச் 2012இல் சுவரில் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் எத்தனை காந்த வில்லைகளில், எத்தனை டி-சட்டைகளில் ஏறியிருக்கிறார்கள் என்று நீயே பார்த்திருக்கிறாய். உன் சுவரும் தெருப் பக்கம்தான். பின்னால் காசு வரும் என்று கணக்குப் போடாமல் கூலியிலேயே வாங்கிக்கொள்.

சதுர அடிக்கு 40 வெள்ளி (ரிங்கிட்) என்று எழுதியிருந்தாய். 12 அடிக்கு 30 அடி, 360 சதுர அடி, ஆக 14,400 வெள்ளி. கையெழுத்தன்று பாதி, 7,200. கோட்டுருவம் சுவரில் ஏறியதும் 4,320. முடிந்த அன்று 2,880. “முடிந்த பிறகு மொத்தமாக” என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. சாரம், காப்புறுதி, மாநகர் மன்ற அனுமதி மூன்றும் அவர்கள் பொறுப்பு என்று எழுத்தில் இருக்கட்டும். முதல் வரைவுக்குப் பிறகு இரண்டு திருத்தம்தான், மூன்றாவதுக்குக் காசு. இதைச் சொல்லக் கூச்சப்படுவாய் என்று தெரியும், அதனால்தான் எழுத்தில் கேட்கச் சொல்கிறேன்.

இனிச் சுவர். புதுப் பூச்சு என்றால் 28 நாள் காயட்டும். பிறகு இரண்டடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடு. உள்ளே நீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை. அவசரப்பட்டால் வெள்ளை உப்பு பூத்து வண்ணத்தைத் தள்ளிவிடும். சிமெண்டின் காரத்தைத் தாங்கும் சீலர் என்ற அடிப்பூச்சை இரண்டு கை பூசு. லிட்டருக்குப் பத்துச் சதுர மீட்டர் என்று வைத்தால் ஏழு லிட்டர் ஆகும். ப்ரஷியன் நீலத்தைப் புதுச் சிமெண்டில் வைக்காதே, காரம் அதைக் கெடுத்துவிடும்; தாலோ நீலம் வாங்கு. மேற்குப் பார்த்த சுவர், மலிவான சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும். பின்பக்கம் ஏர்கான் குழாய் ஓடுகிறதா என்றும் கேள். அந்த ஈரத்துக்கு எந்தச் சீலரும் பதில் சொல்லாது.

உன்னோடு சாரத்தில் ஏறும் இரண்டு பேரின் பெயரும் சுவரோரத்தில் இருக்க வேண்டும். சபாவின் கலைஞர் யீ ஐ-லான், செம்போர்னாவின் ஓமாடால் தீவுப் பெண்களோடு சேர்ந்து செய்யும் பாய்களில் பின்னியவர்களின் பெயரையும் போடுகிறார். அவர் பெயர் அதனால் சிறுத்துப் போகவில்லை.

இனிக் கேலரி கண்காட்சி. விற்ற விலையில் அவர்கள் பாதி எடுப்பார்கள், அது வழக்கம்தான். 36க்கு 48 அங்குலம், சதுர அங்குலத்துக்கு 2 வெள்ளி என்றால் 3,456; உன் கைக்கு 1,728, அதிலும் படச்சட்டம் போட்ட செலவு போகும். 12க்கு 12 படத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. 288இல் பாதி 144, படச்சட்டமே அதைத் தின்றுவிடும். சின்னப் படங்களுக்கு நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, அங்குலத்துக்கு இவ்வளவு என்று விலை வை. கேலரியில் ஒரு விலை, வீட்டுக்கு வருபவருக்கு வேறு விலை என்று மட்டும் வைத்துக்கொள்ளாதே. விற்ற படத்துக்கு 30 நாளில் பணம், விற்காத படம் எந்தத் தேதியில் திரும்பும் என்ற இரண்டும் கேலரியோடு எழுதும் ஒப்படைப்புத் தாளில் இருக்கட்டும்.

படங்களை அனுப்பும்போது பபிள் ரேப்பை நேரே சுற்றாதே. நம் வெயிலில் அக்ரிலிக் இளகி வட்ட வட்டமாகத் தடம் விழும். முதலில் கிளாசின் என்ற வழுவழுப்பான மெல்லிய தாள், அதன் மேல்தான் மற்றது. சுருட்ட வேண்டியிருந்தால் வண்ணப் பக்கம் வெளியே, குழாய் குறைந்தது ஆறு அங்குல விட்டம்.

ஒப்பந்தத்தைத் திருத்தி அனுப்பியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. அதற்குள் வண்ணம் வாங்கப் போய்விடாதே.

அப்பா