மருந்துக்கு முன் மரபணுச் சோதனை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழு, அதாவது நாங்கள் சொல்லும் உலாட் புங்குஸ், கண்ணில் பட்டால் உடனே மருந்துப் பம்பைத் தூக்குகிறோம். என் அப்பா பல வருடம் தோட்டத்தில் மருந்து அடித்தவர். அடித்த இடத்தில் புழு திரும்பவும் கூடுதலாக வந்தது என்பார். புழுவோடு சேர்ந்து அதைத் தின்னும் பூச்சிகளும் செத்துப்போவதுதான் காரணம். 1960களிலேயே மலேசியத் தோட்டங்கள் கற்ற பாடம் இது.

எந்தப் பூச்சி நம் பக்கம் என்று எப்போதும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. புழுவின் உடலுக்குள்ளேயே வளரும் பொடிக் குளவிகள் உண்டு. இப்போது அந்தப் புழுவை அரைத்து, டிஎன்ஏவை வரிசைப்படுத்திப் பார்த்தால், உள்ளே குளவி இருக்கிறதா, எந்த இனம் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். புழுவைக் குத்தி உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியின் குடலைச் சோதித்தால், அது எதைச் சாப்பிட்டது என்றும் தெரியும்.

தோட்ட நிர்வாகத்தினரே, மருந்து அடிப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். முடிவைத் தமிழிலும் எழுதித் தொழிலாளர்களுக்குக் காட்டுங்கள். அப்புறம், தோட்டச் சாலையோரம் டர்னேரா மஞ்சள் பூச்செடியை நட்டதே அந்தக் குளவிகளுக்குத் தேன் கிடைக்கத்தான். அதன்மேல் களைக்கொல்லி அடிப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

தோட்டத் தொழிலாளியின் மகள்,
தெலுக் இந்தான், பேராக்