கொதிக்க வைத்தால் உரம் போகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மழை தொடங்கினால் போதும், 'தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்' என்று அறிவிப்பு வந்துவிடுகிறது. நல்லதுதான், கிருமி செத்துவிடும். ஆனால் யூரியாவிலிருந்து கிணற்றுக்கு இறங்குகிற நைட்ரேட் கொதித்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடத்தான் செய்யும். இதையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்களேன்.

எங்கள் தோவாளைப் பக்கம் நெல் விளைந்த ஏலாவில் பல இடங்களில் இப்போது ஏத்தனும் செவ்வாழையும்தான். வாழைக்கு உரம் நிறைய வேண்டும். நம் மாவட்டத்துக்கோ ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை. உரம் வைத்த கையோடு மழை கொட்டினால் வாழை எடுத்தது போக மிச்சம் மண்ணுக்குள் இறங்கிப் பக்கத்துக் கிணற்றில் சேருகிறது. நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது.

ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்குப் பால்பவுடரை அந்தத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால்தான் வினை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், உதடும் நகமும் நீலம் பாரித்துவிடும், உயிருக்கே ஆபத்து. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் குடிநீரில் நைட்ரேட் இருக்கக் கூடாது என்று இந்தியத் தர அளவே இருக்கிறது, ஆனால் எங்கள் ஊர்க் கிணற்றில் யார் அளந்து பார்த்தார்கள்?

பூச்சி மருந்து வேறு கதை. சாயங்காலம் சானல் படித்துறையில் நின்று பாருங்கள், மருந்தடித்த ஸ்பிரேயரை ஒருவர் அலசி ஊற்றுவார், வெள்ளையாகக் கலங்கிப் பரவும், நாலு படி தள்ளிப் பிள்ளைகள் முங்கி விளையாடுவார்கள், வாயில் அள்ளிக் கொப்பளிக்கவும் செய்வார்கள். கேட்டால் 'ஓடுற தண்ணிதானே' என்று பதில். ஓடி எங்கே போகும், அடுத்த ஊர்ப் படித்துறைக்குத்தானே? எண்டோசல்ஃபான் என்கிற பூச்சி மருந்தால் காசர்கோட்டுப் பிள்ளைகள் பட்ட பாட்டைப் பக்கத்து மாநிலத்தில் பார்த்த பிறகும் நமக்கு உறைக்கவில்லை.

விவசாயிகளைத் திட்ட எழுதவில்லை, எங்கள் வீட்டிலும் வாழை உண்டு. ஸ்பிரேயரைத் தோட்டத்திலேயே கழுவி, அந்தத் தண்ணீரை அடித்த பயிருக்கே திரும்ப அடிக்கலாம், செலவா ஆகப்போகிறது?

பஞ்சாயத்துகள் ஒன்று செய்யட்டும். வாழைத் தோட்டத்தை ஒட்டிய அங்கன்வாடி, பள்ளிக் கிணறுகளில் மழைக்கு அப்புறம் நைட்ரேட் பார்த்து, வந்த அளவை வாசலிலேயே எழுதிப் போடட்டும். அதுவரை தாய்ப்பால் கொடுக்க முடிகிறவர்கள் அதையே கொடுங்கள், பால்பவுடர் கலக்க அந்தக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீர் என்றால் சரி, சாதாரண ஃபில்டர் நைட்ரேட்டைப் பிடிக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தோவாளை வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்