அது ‘க’ இல்லை, தம்பி

அப்பாடா. ஆறு நாளுக்குப் பிறகு நேற்றுதான் முழுத் தூக்கம். நான் நிர்வகிக்கும் நம் இணையக் குழுவுக்குள் விளம்பரங்களும் போலிக் கணக்குகளும் புகுந்து என்ன பாடுபடுத்தின என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் குப்பையை நான் மறுபடி கிளறவில்லை. நன்றி சொல்ல மட்டும் வந்தேன்.

முதலில் அந்த அம்மாவுக்கு. பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தினமும் ரோஜாப் படத்தோடு காலை வணக்கம் போடுபவர் என்றால் போதும், தெரிந்துவிடும். “இங்கே இதெல்லாம் வேண்டாமே” என்று அவரிடம் இரண்டு முறை சொன்னவன் நான்தான். மூன்றாம் முறை சொல்லாமலே அழித்தேன்.

மூன்றாம் நாள் இரவு. ‘உடனடி கடன்’ விளம்பரம் நிமிடத்துக்கு நாலு வந்து விழுகிறது. அந்த இரைச்சலுக்குள் புகுந்து, நேற்று முளைத்த கணக்குகள் நம்மவர்கள் மாதிரியே பேசி ஒருவர்மேல் ஒருவரை மூட்டிவிடுகின்றன. ‘கடன்’ என்ற சொல்லைத் தடைப்பட்டியலில் போட்டிருந்தேன். அப்படியும் வந்தது. மென்பொருளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாவிடமிருந்து ஒரு தனிச்செய்தி: “தம்பி, அது க இல்லை. ஒன்று.”

புரியவில்லை. அடுத்ததும் வந்தது: “தமிழ் எண் போட்டிருக்கான். க-வுக்கு ஒன்று, உ-வுக்கு ரெண்டு, எ-வுக்கு ஏழு. என் பழைய போன்ல அந்த எழுத்து மட்டும் குட்டையாத் தெரியுது.”

கடன். ௧டன். உற்றுப் பாருங்கள். நம் கண்ணுக்கு ஒரே எழுத்து, கணினிக்கு வேறு வேறு குறியீடு. எழுத்தோடு ஒட்டிக்கொண்டு ௧, ௨, ௭ வந்தால் நிறுத்து என்று ஒரு விதி போட்டேன். கால் மணி நேரத்தில் விளம்பரம் அடங்கியது. அது அடங்கியதும் மூட்டிவிடும் கணக்குகள் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தன. எல்லாம் ஒரே இரவில் சேர்ந்தவை. எல்லாமே ‘எதற்கு’ என்பதை ‘எதற்க்கு’ என்று எழுதுபவை. அதையும் பிடித்தது அவர்தான். நாற்பது வருடம் மெய்ப்புப் பார்த்தவராம். இத்தனை நாளில் நான் கேட்டதே இல்லை.

விடியும் நேரத்தில் எழுதினார்: “நீ படுப்பா. நான் பார்த்துக்கறேன்.” இதைத் தட்டும்போதும் கண் கலங்குகிறது.

முறை வைத்து விழித்திருந்த ஐவர், வசவுகளுக்குப் பதில் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு படமெடுத்து அனுப்பியவர்கள், புதியவர்களின் பதிவை நிறுத்திவைத்துப் பார்த்ததைப் பொறுத்துக்கொண்டவர்கள், எல்லாருக்கும் நன்றி. 1978-லேயே ஒரு கணினி விற்பனையாளர் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு விளம்பர மடல் அனுப்பி இதைத் தொடங்கிவைத்துவிட்டார் என்று நள்ளிரவில் ஆறுதல் சொன்ன நண்பருக்கும்தான். அப்போது ஆறுதலாக இல்லை, இப்போது சிரிப்பு வருகிறது. பதற்றத்தில் நம் ஆட்கள் மூவரையும் சேர்த்து வெளியேற்றிவிட்டேன். தனித்தனியாக மன்னிப்புக் கேட்டாயிற்று, இங்கேயும் கேட்கிறேன். இனி பாதித் தூக்கத்தில் யாரையும் நீக்கமாட்டேன்.

வாழ்த்துப் படங்களுக்கான தடையை நேற்றே விதிகளிலிருந்து எடுத்துவிட்டேன். இன்று இன்னும் ரோஜாவைக் காணோமே, அம்மா?